இலவசமாகக் கிடைக்கும் பழைய பாகங்களுக்காகக் கணினியை மேம்படுத்தலாமா? முடிவெடுக்கும் வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளைப் பல அலுவலகங்கள் ஒதுக்கி வருகின்றன. அவற்றிலிருந்து கழற்றிய ராம், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு போன்றவை "சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லோடு உறவினர் வழியாகவோ நண்பர் வழியாகவோ நம் கைக்கு வருகின்றன. வீட்டில் பழைய கணினி வைத்திருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் இலவசமாக வந்த ஒரு பாகத்தைப் பொருத்துவதற்காகப் புதிதாக ஒரு எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), அதற்காக ஒரு கேபினட், பிறகு பிராசசரைக் குளிர்விக்க ஒரு கூலர் என்று வாங்கிக்கொண்டே போய், முடிவில் பத்து ஆண்டுக்கு முந்தைய கணினி ஒன்றில் கணிசமான தொகையைப் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு குறிப்பிட்ட கணினியை எடுத்துக்கொண்டு பேசினால் இது தெளிவாகும். 2012 வாக்கில் நம் ஊர்க் கடைகளில் மிகப் பரவலாக அசெம்பிள் செய்யப்பட்ட அமைப்பு இது: எச்61 மதர்போர்டு, இன்டெல் கோர் ஐ3-2100 பிராசசர், 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்.எம்.பி.எஸ். இதை வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், ஒரு கோர் ஐ7-3770 பிராசசர், ஒரு ஜி.டி.எக்ஸ். 970 கிராபிக்ஸ் கார்டு, ஒரு 1 டி.பி. ஹார்டு டிஸ்க் ஆகிய நான்கும் இலவசமாகக் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எதை எடுக்கலாம், எதை மறுக்கலாம்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசப் பாகத்தின் மதிப்பை அதன் சந்தை விலையைக் கொண்டு அளக்கக் கூடாது. அது உங்கள் கணினியின் உண்மையான தடையை நீக்குகிறதா, அதைப் பொருத்துவதற்காக வேறு எதை வாங்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டைக் கொண்டே அளக்க வேண்டும். பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால், நாளை இந்தக் கணினியைக் கைவிடும்போது அடுத்த கணினிக்குக் கொண்டுபோகக்கூடிய பொருளில் மட்டுமே செலவழிக்க வேண்டும்.

எது மெதுவாக இருக்கிறது?

பாகங்களைக் கையில் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். கணினியில் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையை அப்படியே செய்யுங்கள்: உலாவியில் வழக்கமான அளவுக்கு டேப்களைத் திறந்து, ஒரு வீடியோ அழைப்பைத் தொடங்கி, ஆவணம் ஒன்றையும் திறந்து வையுங்கள். அந்த நிலையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசசர், நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றின் வரைபடங்களும் தெரியும். எந்த வரைபடம் நெடுநேரம் உச்சியிலேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் தடை.

நாம் எடுத்துக்கொண்ட கணினியில், பிராசசர் 30 சதவீதத்தைத் தாண்டாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். காரணம் எளிது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், தேவையான தகவல் இருக்கும் இடத்திற்கு முள் நகர்ந்து, தட்டும் அந்த இடத்திற்குச் சுழன்று வருவதற்குச் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லி நொடிகள் ஆகின்றன. ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது ஒரு நொடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் தொட முடியாது. சுழலும் பகுதியே இல்லாத, சிப்களால் ஆன சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. ஒன்று, சாதாரணமானதாக இருந்தாலும், அதே ஒரு நொடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். விண்டோஸ் தொடங்குவதும், ஒரு மென்பொருள் திறப்பதும், புதுப்பிப்பு ஏறுவதும் இப்படிப்பட்ட சிறு கோப்புகளைப் படிக்கும் வேலைகளே.

இங்கேதான் இலவசப் பாகங்களின் ஒரு பெருங்குறை தெரிகிறது. அலுவலகங்கள் கணினிகளை ஒதுக்கும்போது, தகவல் பாதுகாப்புக்காகச் சேமிப்பகத்தை முன்கூட்டியே கழற்றிவிடுவது வழக்கம். ஆகவே இலவசமாக வருபவற்றில் எஸ்.எஸ்.டி. இருப்பது அரிது. உங்கள் கணினிக்கு மிகவும் தேவையான அந்த ஒன்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது சரியாக என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் மதர்போர்டின் மாதிரி எண், பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பு, பிராசசரின் பெயர், ராமின் வகை, எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது ஆகிய அனைத்தையும் காட்டும். மதர்போர்டின் மாதிரி எண் தெரிந்தால், தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த போர்டு ஏற்கும் பிராசசர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தேவையான பயாஸ் பதிப்புடன் இருக்கும். இந்தப் பட்டியலில் இல்லாத பிராசசரை எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ராம்: பெரும்பாலும் ஏற்கலாம்

இலவசப் பாகங்களுள் மிகக் குறைந்த தொல்லையோடு பலன் தருவது ராம். அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டாம், டிரைவர் வேண்டாம், கூலர் வேண்டாம். ஆனாலும் பொருத்தம் பார்க்காமல் இருக்க முடியாது. மேசைக் கணினியின் டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 பின்கள்; டி.டி.ஆர்.4-க்கு 288 பின்கள். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. அழுத்தி உட்கார வைக்க முயன்றால் ஸ்லாட் உடையும். லேப்டாப்பின் ராம் குட்டையானது. அது மேசைக் கணினிக்கு ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. சர்வரிலிருந்தோ ஒர்க்ஸ்டேஷனிலிருந்தோ கழற்றிய ராம் பார்ப்பதற்குச் சாதாரண ராம் போலவே இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் கணினி தொடங்காது. ராமின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் பி.சி.3-12800 போன்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ஆங்கில 'யு' இருந்தால் அது மேசைக் கணினிக்கு உரியது. 'ஆர்' இருந்தால் அது சர்வருக்கான ரெஜிஸ்டர்டு வகை. எச்61 போன்ற போர்டுகளில் வேலை செய்யாது. பெரிய நிறுவனங்களிலிருந்து 16 ஜி.பி. ராம் இலவசமாக வருகிறதென்றால் இந்த எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எச்61 போர்டுகளில் இரண்டே ஸ்லாட்கள்தான் உள்ளன. அதிகபட்சம் 16 ஜி.பி. வரை ஏற்கும். ஆகவே இரண்டு 4 ஜி.பி. ராம் கிடைத்தால், இருப்பதைக் கழற்றிவிட்டு இரண்டையும் சேர்த்துப் பொருத்துவதே சரி. ஒரே அளவுள்ள இரண்டு ராம்கள் இருந்தால் போர்டு அவற்றை இரட்டைத் தடமாக, அதாவது இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி, இயக்கும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் முதன்மை நினைவகத்தைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் அதற்கும் இது நன்மை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் 2 ஜி.பி., 4 ஜி.பி. ராமோடு விற்ற கணினிகள் பலவற்றில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 32 பிட் விண்டோஸ் 10-ஆல் 4 ஜி.பி.-க்கு மேல் பயன்படுத்த முடியாது. நீங்கள் 8 ஜி.பி. பொருத்திவிட்டு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 64 பிட் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

பழைய ராமை மெம்டெஸ்ட்86 மென்பொருளால் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், தங்க நிற முனைகளைத் துடைத்து மறுபடி பொருத்திச் சோதியுங்கள். மறுபடியும் பிழை வந்தால் அந்த ராமை ஒதுக்கிவிடுங்கள். பழுதான ராம் கணினியை நிறுத்துவதோடு விடாது. நீங்கள் சேமிக்கும் கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைக்கும். அது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவரும்.

2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இலவசமாக வரும் டி.டி.ஆர்.4 ராமை உங்கள் இப்போதைய கணினி ஏற்காவிட்டாலும் பத்திரப்படுத்தி வைப்பதில் பொருள் இருக்கிறது. டி.டி.ஆர்.3-க்கு அப்படி எதிர்காலம் இல்லை. இன்று பொருந்தினால் பொருத்துங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பிராசசர்: நிபந்தனைகளோடு ஏற்கலாம்

கோர் ஐ3-2100 இரண்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்டது. ஐ7-3770 நான்கு கோரும் எட்டுத் திரெட்டும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்) கொண்டது. இரண்டும் மதர்போர்டில் எல்.ஜி.ஏ. 1155 என்ற வகைச் சாக்கெட்டில் உட்காருபவை. வீடியோ அழைப்பு நடக்கும்போதே வேறு வேலை செய்வதற்கும், புகைப்படங்களைத் திருத்துவதற்கும், வீடியோவைத் தொகுப்பதற்கும் இந்த மாற்றம் நன்றாகவே உதவும். யூடியூப் பார்ப்பவருக்கும் ஒரு பலன் உண்டு. இன்று யூடியூப் பெருமளவில் பயன்படுத்தும் வி.பி.9, ஏ.வி.1 ஆகிய வீடியோ வடிவங்களைப் பிரிக்கும் வன்பொருள் வசதி இந்தத் தலைமுறை இன்டெல் பிராசசர்களில் இல்லை. அந்த வேலை முழுவதும் கோர்களின் தலையில்தான் விழுகிறது. இரண்டு கோர் திணறும் 1080பி வீடியோவை நான்கு கோர் எளிதாகச் சமாளிக்கும்.

நிபந்தனைகளுக்கு வருவோம். ஐ3-2100 இரண்டாம் தலைமுறை, ஐ7-3770 மூன்றாம் தலைமுறை. எச்61 போர்டுகள் இரண்டாம் தலைமுறையோடு வெளிவந்தவை என்பதால், மூன்றாம் தலைமுறை பிராசசரை அடையாளம் காணப் பயாஸ் புதுப்பிப்பு தேவைப்படும். அந்தப் புதுப்பிப்பைப் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். புதியதைப் பொருத்திய பின் திரையே வராது. புதுப்பிப்பு நடக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மதர்போர்டு செயலிழந்துவிடலாம். எனவே நன்றாக இயங்கும் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பிராண்டட் கணினிகள் சிலவற்றுக்கு இந்தப் புதுப்பிப்பைத் தயாரிப்பாளர் வெளியிடவே இல்லை. அவற்றில் ஐ7-2600 போன்ற இரண்டாம் தலைமுறைப் பிராசசரைத்தான் தேட வேண்டும்.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். ஐ3-2100-இன் வெப்ப அளவு 65 வாட், ஐ7-3770-இன் அளவு 77 வாட், ஐ7-2600-இன் அளவு 95 வாட். ஐ3-யோடு வந்த மெல்லிய கூலர், பன்னிரண்டு ஆண்டு ஓடிக் களைத்த நிலையில், ஐ7-ஐக் குளிர்விக்கப் போதாது. அது சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் குளிர்சாதன வசதியில்லாத அறையில் இதை நீங்கள் கண்கூடாகக் காண்பீர்கள். ஆகவே பிராசசரைத் தருபவரிடம் அதன் கூலரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தெர்மல் பேஸ்ட் மட்டும் புதிதாக வாங்க வேண்டும்; அது சிறு செலவு. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். இன்டெல் சாக்கெட்டில் பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன. பிராசசரைச் சாய்த்து வைத்தால் அவை வளையும். நேராக எடுத்து நேராக வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் விதிப்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட்டில் உட்காரும் எந்தப் பிராசசரும் இந்த விதிக்குள் வராது. 2013-இல் அறிமுகமான ஏ.வி.எக்ஸ்.2 கட்டளைகளும் இவற்றில் இல்லை; அவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய மென்பொருள்கள் இந்தக் கணினியில் திறக்கவே திறக்காது. ஆகவே இந்தப் பிராசசருக்காகப் புதிய கூலரோ புதிய மதர்போர்டோ வாங்கும் நிலை வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

இந்த எல்லை யாருக்குத் தடை, யாருக்குத் தடையில்லை என்பது நீங்கள் எந்த மென்பொருளைச் சார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைக் கணக்குக்கு டேலி வைத்திருப்பவர் விண்டோஸை விட முடியாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வங்கிப் பரிமாற்றமும் வரிக் கணக்கும் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, இணையம், கடிதம், படிப்பு என்ற அளவில் பயன்படுத்துபவருக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் 8 ஜி.பி. ராமோடும் ஓர் எஸ்.எஸ்.டி.-யோடும் இந்தக் கணினியில் நன்றாக ஓடும். தமிழ் 99 விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு வேண்டிய சி++, பைத்தான் பயிற்சிக்கு ஐ3-யே போதும். பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்லி ஐ7 தேட வேண்டியதில்லை.

கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எம்.பி.எஸ்.-உம்

மனத்தை மிக எளிதில் மயக்குவது கிராபிக்ஸ் கார்டுதான்; மிக அதிகமான மறைமுகச் செலவைக் கொண்டுவருவதும் அதுவே. ஜி.டி.எக்ஸ். 970 ஒரு காலத்தில் உயர்தரமான கார்டு. அதன் மின்தேவை 145 வாட். மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், மீதியை எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து நேரடியாக வரும் 6 பின் இணைப்புகள் இரண்டின் வழியாகப் பெற வேண்டும். இதற்கு 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை.

"என்னுடையது 450 வாட், கிட்டத்தட்ட போதும்" என்று நினைப்பவர்கள் கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ்.-இன் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையைப் படிக்க வேண்டும். மேலே பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை விடுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் தடத்தில்தான். ஐ7-3770-க்கு 77, கார்டுக்கு 145 என்று இரண்டுக்கு மட்டுமே 222 வாட் ஆகிறது. 168 வாட் தரக்கூடிய தடத்திலிருந்து அதை இழுத்தால் விளையாட்டின் நடுவில் கணினி அணைவது சிறிய விளைவு, எஸ்.எம்.பி.எஸ். வெடித்து மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோவது பெரிய விளைவு. பழைய நான்கு பின் இணைப்பை 6 பின்னாக மாற்றும் கேபிள்கள் கடையில் கிடைக்கும். அவை இணைப்பின் வடிவத்தை மாற்றுமே தவிர, தடத்தின் திறனைக் கூட்டாது.

இத்தோடு, வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்து அதன் மீது இந்தச் சுமையை வைத்தால், மின்தடையின்போது கோப்பைச் சேமித்து அணைக்கும் நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். மின்கட்டணத்தையும் விட்டுவிட வேண்டாம். கார்டால் சராசரியாக 40 வாட் கூடுதலாகச் செலவாகி, நாளுக்கு ஆறு மணி நேரம் கணினி ஓடினால் மாதத்திற்கு 7.2 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 14.4 யூனிட். தொகை சிறிதுதான், ஆனால் ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் தமிழ்நாட்டு வீட்டில் அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

டிரைவரையும் பாருங்கள். ஜி.டி.எக்ஸ். 970-இன் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிவதாகவும், அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் என்விடியா அறிவித்திருக்கிறது. அதற்கு முந்தைய ஜி.டி.எக்ஸ். 600 வரிசைக்கு விளையாட்டு டிரைவர்கள் 2021-லேயே நின்றுவிட்டன.

ஆகவே, கார்டுக்காக எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டியிருந்தால், அந்த எஸ்.எம்.பி.எஸ். உங்கள் அடுத்த கணினிக்கும் போகும் தரமுள்ளதா, அந்த அடுத்த கணினியை வாங்கும் எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் கார்டை ஏற்கலாம். தனி இணைப்பு தேவைப்படாத ஜி.டி. 1030 (30 வாட்), ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. (60 வாட்) போன்றவை இலவசமாக வந்தால் நிலைமை வேறு; அவற்றையும் 12 வோல்ட் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏற்கலாம். எந்த விளையாட்டும் ஆடாத, வீடியோ தொகுப்பும் செய்யாத வீட்டில் கார்டே தேவையில்லை.

இலவசமாக வரும் பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ஐ நான் ஏற்பதில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வற்றியிருக்கும். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் திறந்து பார்க்கவும் கூடாது.

ஹார்டு டிஸ்க்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் நிலையைப் பாருங்கள். இடம் மாற்றப்பட்ட செக்டார் (தகவல் பதியும் சிறு பகுதி), நிலுவையிலுள்ள செக்டார் ஆகிய இரண்டின் மதிப்பும் சுழியமாக இருந்தால் கூடுதல் பிரதி வைக்க மட்டும் பயன்படுத்தலாம். அவற்றில் ஒன்றேனும் கூடியிருந்தால் வேண்டாம். இயங்குதளத்தை அதில் நிறுவாதீர்கள், வேறெங்கும் பிரதி இல்லாத குடும்பப் புகைப்படங்களை அதில் வைக்காதீர்கள். பழைய உரிமையாளரின் கோப்புகள் அதில் இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு முழுவதுமாக அழித்த பிறகே பயன்படுத்துங்கள்.

மதர்போர்டோடு சேர்த்துக் கிடைத்தால்

இதுவரை சொன்னது உதிரிப் பாகங்களைப் பற்றியது. யாராவது மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தருகிறார்கள் என்றால் அதை மேம்படுத்தலாகப் பார்க்க வேண்டாம். உங்கள் கணினிக்கு மாற்றாகக் கிடைக்கும் இன்னொரு கணினியாகவே பாருங்கள். அது எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி. இரண்டையும் புதிதாக வாங்கிச் செலவழிப்பது தகும். ஏனெனில் விண்டோஸ் 11 என்ற எல்லையை அது தாண்டிவிடுகிறது. நான்காம், ஆறாம் தலைமுறை என்றால் பழைய எல்லைக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கணினிதான். எச்61-ஐவிடச் சற்று மேல், அவ்வளவே.

இதில் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. முதலாவது, எல்.ஜி.ஏ. 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருப்பது. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பிராசசர் உட்காரும், ஆனால் இயங்காது. இரண்டாவது, பிராண்டட் அலுவலகக் கணினிகளின் போர்டுகள். டெல், எச்.பி., லெனோவோ நிறுவனங்களின் அலுவலக மாதிரிகள் பலவற்றில் மின் இணைப்பும், முன்பக்கப் பொத்தானின் இணைப்பும், திருகு துளைகளின் இடமும் பொதுத் தரத்திலிருந்து மாறுபட்டிருக்கும். அந்தப் போர்டை மட்டும் வாங்கி உங்கள் கேபினட்டில் பொருத்த முயன்றால் மாற்று கேபிள்களுக்கே அலைய வேண்டிவரும். அப்படிப்பட்ட கணினியைக் கேபினட், எஸ்.எம்.பி.எஸ். உட்பட முழுதாகக் கேட்டு வாங்குங்கள். ஹார்டு டிஸ்க் இல்லாமல் தந்தாலும் போதும்.

பழைய கணினியோடு வந்த ஓ.இ.எம். (கணினித் தயாரிப்பாளர் சேர்த்தே தரும்) விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது. போர்டை மாற்றினால் உரிமம் கூடவே வராது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போடும் முறை

ஒரு தாளை எடுத்து, கிடைக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதைப் பொருத்த வாங்க வேண்டியவற்றை விலையோடு எழுதுங்கள். அவற்றில் அடுத்த கணினிக்கும் போகக்கூடியவற்றை வட்டமிடுங்கள். எஸ்.எஸ்.டி., தரமான எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், விசைப்பலகை ஆகியவை வட்டத்துக்குள் வரும். டி.டி.ஆர்.3 ராம், எல்.ஜி.ஏ. 1155 போர்டு, அதற்கான கூலர், மாற்று கேபிள்கள் ஆகியவை வராது. வட்டத்துக்கு வெளியே நிற்கும் தொகைதான் உண்மையில் இழக்கப்போகும் பணம். தெர்மல் பேஸ்ட், மதர்போர்டின் சி.ஆர்.2032 மின்கலம் போன்ற சில்லறைச் செலவைத் தவிர வேறெதுவும் வட்டத்துக்கு வெளியே இருக்கக் கூடாது என்பது என் அளவுகோல்.

பிறகு சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரிலுள்ள நம்பகமான கடையிலோ, எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர் கொண்ட புதுப்பிக்கப்பட்ட அலுவலகக் கணினி என்ன விலை என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய மொத்தச் செலவு, வட்டமிட்டவற்றையும் சேர்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இலவசப் பாகங்களை நன்றி சொல்லி மறுத்துவிட்டு அந்தக் கணினிக்குச் சேமிக்கத் தொடங்குவதே நல்லது. வேலைக் கூலியையும் கணக்கில் சேருங்கள். பிராசசர் மாற்றவும் பயாஸ் புதுப்பிக்கவும் சர்வீஸ் செய்பவரை அழைத்தால் அதுவும் செலவுதான்.

நாம் எடுத்துக்கொண்ட கணினிக்கு இந்த முறையைப் பொருத்திப் பார்த்தால் விடை இப்படி வரும். இரண்டு 4 ஜி.பி. ராமையும் சோதித்துவிட்டு ஏற்கலாம். 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க் இணையும் அதே இணைப்பில் இணைவது) ஒன்றை வாங்கலாம். எச்61-இன் சாட்டா இணைப்பு பழைய 3 கிகாபிட் வேகத்தது என்பதால் அதன் முழு வேகம் கிடைக்காது, நொடிக்கு 280 எம்.பி. அளவோடு நின்றுவிடும். ஆனாலும் பலன் சிறு கோப்புகளைத் தொடும் விரைவில் இருப்பதால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். மலிவாக இருக்கிறதென்று என்.வி.எம்.இ. என்ற புதிய வகை எஸ்.எஸ்.டி.-யை வாங்கிவிடாதீர்கள், இந்தப் போர்டில் அதற்கு இடமும் இல்லை, அதிலிருந்து தொடங்கப் பயாஸும் அறியாது. ஐ7-ஐ, போர்டின் பட்டியலில் இருந்து, கூலரோடு கிடைத்தால் மட்டும் ஏற்கலாம். ஜி.டி.எக்ஸ். 970-ஐ மறுக்கலாம். 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கைச் சோதித்துவிட்டு, கூடுதல் பிரதி வைக்க மட்டும் ஏற்கலாம்.

பொருத்தும் வரிசை

முதலில் முக்கியமான கோப்புகளை வெளியே பிரதி எடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமைப் பொருத்தி, இரவுச் சோதனையை முடித்து, சில நாள் பயன்படுத்தியபின் எஸ்.எஸ்.டி.-க்குப் போங்கள். அதில் இயங்குதளத்தை நிறுவும் முன் பயாஸில் சாட்டா அமைப்பு ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பிராசசரைக் கடைசியாக வையுங்கள். பல வீடுகளில் முதல் இரண்டு மாற்றங்களுக்குப் பிறகு அதற்குத் தேவையே இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், கணினி தொடங்காதபோது எந்தப் பாகம் காரணம் என்று கண்டுபிடிக்க அனைத்தையும் மறுபடி கழற்ற வேண்டிவரும்.

ஒவ்வொரு முறையும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றி, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே பாகங்களில் கை வையுங்கள். கழற்றிய பழைய ராமையும் பிராசசரையும் ஓரிரு மாதம் பத்திரமாக வைத்திருங்கள். புதியது பழுதானால் அன்றே பழைய நிலைக்குத் திரும்பலாம். மறுத்த கிராபிக்ஸ் கார்டை அலமாரியில் போட்டு வைக்காமல், தந்தவரிடமே உடனே திருப்பிக் கொடுங்கள், சரியான எஸ்.எம்.பி.எஸ். வைத்திருக்கும் வேறொருவருக்கு அது இன்று பயன்படும். சோதனையில் தோற்ற ராமையும் ஹார்டு டிஸ்க்கையும் பழைய இரும்புக் கடையில் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.